முதுகலை மாணவர் கண்காட்சிக்குக் காட்சி அடையாளம்: முதல் கூட்டத்திலிருந்து சுவர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

முதுகலை படித்து முடிக்கும் கலை மாணவர்களின் கண்காட்சிக்கு டிசைன் செய்வது தனி ரகம். ஓர் ஓவியரின் தனிக் கண்காட்சி என்றால் பிடித்துக்கொள்ள ஒரு படமாவது இருக்கும். க்யூரேட்டர் ஒருவர் தொகுத்த குழுக் கண்காட்சி என்றால் ஒரு கருப்பொருள் இருக்கும். இங்கே இரண்டும் கிடையாது. ஒருவர் ஆளுயர ஓவியங்கள் வரைகிறார். பக்கத்து அறைக்காரர் ஒலியை மட்டும் வைத்து வேலை செய்கிறார். இன்னொருவரின் படைப்பு திறப்பு விழா மாலையில் இருபது நிமிடம் நடந்து முடிந்துவிடும். ஒரே ஆண்டில், ஒரே கட்டடத்தில் படிப்பை முடிக்கிறார்கள் என்பதைத் தவிர இவர்களுக்குள் பொதுவாக எதையும் சொல்ல முடியாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கண்காட்சியின் காட்சி அடையாளத்துக்கு, அதாவது போஸ்டர் முதல் சுவர் வரை எல்லாவற்றுக்கும் பொதுவான தோற்றத்துக்கு, மூலப்பொருள் அதன் பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் சமமான இடம் கொடுக்கிற ஒரு விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். போஸ்டர், லேபிள், சுவர் எழுத்து, இன்ஸ்டாகிராம் படம் எல்லாம் அந்த விதியிலிருந்து வரட்டும். இரண்டு ஆண்டு உழைப்பைக் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிற மாணவருக்குத் தன் பெயர் மற்றவர்களின் பெயரோடு சரிசமமாக நிற்பதைப் பார்க்கும் உரிமை உண்டு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துத்தான் முடிவு எடுத்திருக்கிறேன்.

படி 1: முடிவு செய்பவர்கள் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள்

மாணவர்கள் எல்லாரும் கலைஞர்கள். எல்லாருக்கும் எழுத்துரு பற்றி ஒரு கருத்து இருக்கும், அதுவும் அழுத்தமான கருத்து. இருபது பேர் ஓட்டுப்போட்டு ஒரு டிசைனைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கும் பிடிக்காமல் போகாத ஒன்றுதான் மிஞ்சும். அதனால் முதல் கூட்டத்திலேயே மூன்று பேரை நியமிக்கச் சொல்லுங்கள்: மாணவர்கள் சார்பில் இரண்டு பேர், துறையின் சார்பில் ஒருவர். மற்றவர்களின் கருத்து அவர்கள் வழியாகத்தான் உங்களிடம் வரவேண்டும். யாருடைய கருத்தும் கேட்கப்படாமல் போகக் கூடாது. முடிவு மட்டும் மூன்று பேர் கையில் இருக்கட்டும்.

அதே கூட்டத்தில் கேட்க வேண்டியவை: திறப்பு நாள், கடைசி நாள், இடம், எத்தனை மொழிகள், என்னென்ன பொருட்கள் தேவை, அச்சுக்கும் சுவருக்கும் தனித்தனியாக எவ்வளவு பணம். கல்வி நிறுவனத்தின் லோகோவைப் பயன்படுத்துவதற்கான விதிகளையும் அப்போதே வாங்கிவிடுங்கள். லோகோவைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும், எந்த நிறத்தில் போடலாம் என்பது போஸ்டர் முடிந்த பிறகு தெரியவந்தால் தலைவலி.

படி 2: பட்டியலைச் சேகரியுங்கள்

டிசைன் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விரிதாளைத் திறங்கள். ஆளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அச்சில் வரவேண்டிய பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, வீடியோ அல்லது ஒலி என்றால் கால அளவு, தேவைப்படும் மின்வசதி, ஒரு நல்ல புகைப்படம், ஐம்பது சொற்களுக்குள் ஒரு குறிப்பு.

பெயரை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்காதீர்கள். கலைஞராக எந்தப் பெயரில் அறியப்பட விரும்புகிறார் என்பதை மாணவர் தானே தட்டச்சு செய்து தரட்டும். முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா, புள்ளி உண்டா, இரண்டு மொழியிலும் எப்படி எழுதுவது என்பதெல்லாம் அவர் முடிவு. அதைத் திருத்துவது உங்கள் வேலையில்லை.

அளவில்தான் குழப்பம் அதிகம் வரும். அருங்காட்சியக வழக்கத்தில் உயரம் முதலில், அப்புறம் அகலம், அப்புறம் ஆழம். ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் அகலம்தான் முதலில் வரும். புகைப்படக்காரர்களும் வீடியோ செய்பவர்களும் அந்தப் பழக்கத்தில் மாற்றி எழுதித் தருவார்கள். விரிதாளில் "அளவு" என்று ஒரே கட்டம் வைக்காமல் உயரம், அகலம், ஆழம் என மூன்று கட்டம் வையுங்கள். எல்லாம் சென்டிமீட்டரில்.

பட்டியலுக்கு ஒரு மூடும் தேதி வேண்டும். அந்தத் தேதியில் ஒவ்வொருவரும் தன் வரிசையைப் படித்துப் பார்த்து "சரி" என்று பெயருக்கு எதிரே குறிக்கட்டும். அதற்குப் பிறகு லேபிள், கேட்டலாக், இணையப்பக்கம் எல்லாமே அந்த ஒரு விரிதாளிலிருந்து மட்டும் எடுக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த திருத்தத்தை லேபிளில் மட்டும் செய்துவிட்டுப் போனால், கேட்டலாக்கில் ஒரு தலைப்பும் சுவரில் இன்னொரு தலைப்பும் இருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் டேட்டா மெர்ஜ் வசதியைப் பயன்படுத்தினால் விரிதாளிலிருந்தே எல்லா லேபிளும் ஒரே தடவையில் உருவாகிவிடும்.

பெயர்களை எந்த வரிசையில் அடுக்குவது? அகரவரிசைதான் பாதுகாப்பானது. ஆனால் "அ" வில் தொடங்குபவருக்கு எப்போதும் முதலிடம். நான் பரிந்துரைப்பது இது: போஸ்டரில் அகரவரிசை, கேட்டலாக்கில் அதன் தலைகீழ் வரிசை, கையேட்டு வரைபடத்தில் அறைகளின் வரிசை. எந்த வரிசைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, யாரும் எல்லாவற்றிலும் கடைசியாக வரமாட்டார்கள்.

படி 3: கருத்தைத் தேடுவது

முதலில் எங்கே தேடக் கூடாது என்று பார்த்துவிடுவோம். ஒரு மாணவரின் படைப்பை எடுத்துப் போஸ்டரில் போடாதீர்கள். எவ்வளவு அழகான படைப்பாக இருந்தாலும் சரி, போட்ட அன்றைக்கே மற்றவர்கள் அவருடைய கண்காட்சிக்கு விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். எல்லாருடைய படைப்பையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒட்டுவதும் உதவாது. மூன்று மீட்டர் ஓவியம் தபால்தலை அளவில் எதையும் சொல்லாது, ஒலிப் படைப்புக்குக் காட்ட ஒன்றுமே இருக்காது. தூரிகை, வண்ணத்தட்டு, சாயம் தெறித்த கறை, முளைவிடும் விதை, விரியும் சிறகு இவற்றை விட்டுவிடுங்கள். தலைப்பும் அப்படித்தான். "பயணம்", "தேடல்", "சங்கமம்" என்று வைத்தால் எந்த ஆண்டு மாணவர்களுக்கும் பொருந்தும். யாருக்கும் பொருந்துவது இவர்களுக்கென்று இருக்காது. நல்ல தலைப்பு கிடைக்கவில்லையா, "முதுகலைக் கண்காட்சி" என்று ஆண்டை மட்டும் சேர்த்து வையுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

சரி, வேறு எங்கே தேடுவது? விரிதாளைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். கட்டடத்தின் தரைப்படத்தை வாங்கிப் பாருங்கள். மாணவர்களின் ஸ்டூடியோக்களுக்குப் போய் சும்மா நின்று பாருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் டேப், தரையில் விழுந்த குறிகள், மேசைகள் நகர்த்தப்பட்ட விதம் எல்லாம் அந்த ஆண்டுக்கே உரியவை.

விதி என்று நான் சொல்வதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்துக்கு டச்சு டிசைனர் விம் க்ரோவெல் 1960களிலிருந்து 1985 வரை டிசைன் செய்தார். போஸ்டர்களுக்கும் கேட்டலாக்குகளுக்கும் அடியில் ஒரு பொதுவான கட்ட அமைப்பை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு போஸ்டரும் வேறு மாதிரி இருந்தும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தது. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்துக்கு எக்ஸ்பெரிமென்டல் ஜெட்செட் என்ற டச்சு டிசைன் குழு 2013-இல் செய்த அடையாளம் இன்னும் நமக்கு நெருக்கமானது. டபிள்யூ எழுத்து ஒரு மெல்லிய கோணல் கோடு. பக்கத்தில் வரும் கலைப்படைப்புக்கு எவ்வளவு இடம் தேவையோ அதற்கேற்ப அந்தக் கோடு நீண்டும் குறுகியும் ஒதுங்கிக்கொள்ளும். அடையாளம் கலைக்கு இடம்விடுகிறது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

எச்சரிக்கைக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கும் மீடியா லேப் என்ற ஆய்வகத்துக்கு ஒரு கணினி நிரல் வழியாக 40,000 வடிவங்களை உருவாக்கித் தரும் அடையாளம் செய்யப்பட்டது. அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனக்கென ஒரு லோகோ. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் 2014-இல் அதற்குப் பதிலாக, 7×7 கட்டத்துக்குள் எழுத்துகளை அமைக்கும் எளிய முறை வந்தது. தனித்தன்மை எவ்வளவு முக்கியமோ, தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரு குடும்பம் என்று தெரிவதும் அவ்வளவு முக்கியம் என்பது நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

படி 4: ஒரு விதியை உருவாக்கிப் பார்ப்போம்

கற்பனையாக 24 மாணவர்களை வைத்துக்கொள்வோம். விரிதாளில் எல்லாருக்கும் உயரம், அகலம் இருக்கிறது. படைப்பின் வடிவத்தையே ஒவ்வொருவரின் அடையாளமாக ஆக்கலாமே என்று தோன்றுகிறது. எல்லாப் படைப்புகளையும் 1:20 அளவில் சுருக்கிச் செவ்வகங்களாக வரைகிறோம். மூன்று மீட்டர் ஓவியம் 15 செ.மீ. ஆகிறது. 20 செ.மீ. செதுக்கோவியம் 1 செ.மீ. ஆகிறது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பெரிதாக வரைந்தவருக்குப் பெரிய இடம் போய்விட்டது. சிறிய அச்சோவியங்களில் இரண்டு ஆண்டு செலவழித்தவர் போஸ்டரில் ஒரு புள்ளி.

விதியை மாற்றுவோம். பரப்பளவு எல்லாருக்கும் ஒன்றே, 36 சதுர செ.மீ. விகிதம் மட்டும் படைப்புக்குப் படைப்பு மாறும். சதுரமான படைப்பு 6×6 ஆகும். அகலத்திரை வீடியோ, அதாவது 16:9, அகலத்தில் 8, உயரத்தில் 4.5 ஆகும். ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் தொங்கும் துணி 3×12 ஆகும். மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், 36 தான். விரிதாளிலேயே இதைக் கணக்கிடலாம்: அகலத்தை உயரத்தால் வகுத்து விகிதம் காணுங்கள், 36-ஐ அந்த விகிதத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் செவ்வகத்தின் உயரம் கிடைக்கும். 300×200 செ.மீ. ஓவியமும் 30×20 செ.மீ. அச்சோவியமும் இப்போது ஒரே செவ்வகம். எனக்கு இந்த விதியில் மிகவும் பிடித்தது இதுதான்.

அளவே இல்லாத படைப்புகளுக்கு? சிற்பத்துக்கு அது தரையில் பிடிக்கும் இடத்தின் நீள அகலம். பல துண்டுகளாக மாட்டப்படும் தொடருக்கு அவை எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றி வரையும் எல்லை. நிகழ்த்துகலைக்கு அது நடக்கும் இடத்தின் விகிதம், ஆனால் உள்ளே நிறம் நிரப்பாமல் வெறும் கோட்டுருவாக. ஒலிக்கும் அப்படியே, அது கேட்கும் அறையின் விகிதம். ஐந்து மீட்டர் நீளம், ஐந்து செ.மீ. அகலமுள்ள கயிறு ஒன்று வந்தால் செவ்வகம் 60 செ.மீ. நீளத்துக்குப் போய்விடும். அதற்காக ஓர் எல்லை வைக்கிறோம்: விகிதம் 1:9-ஐத் தாண்டக் கூடாது, அதாவது அதிகபட்சம் 2×18. விதியில் இப்படி ஒரு விலக்கு இருக்கலாம். விலக்குகள் மூன்றைத் தாண்டினால் விதியே தவறு, வேறு தேடுங்கள்.

அடுத்து, இது போஸ்டரில் அடங்குமா? ஏ1 தாள் 59.4×84.1 செ.மீ., பரப்பு சுமார் 4,995 சதுர செ.மீ. 24 செவ்வகங்கள் 864 சதுர செ.மீ., ஆறில் ஒரு பங்குக்கும் சற்றே அதிகம், தாள் காலியாகத் தெரியும். நீள அகலங்களை இரண்டு மடங்காக்கினால் 3,456 ஆகிவிடும். எழுத்துக்கு இடமே இல்லை. ஒன்றரை மடங்காக்கினால் 1,944, தாளில் ஐந்தில் இரண்டு பங்கு. சரியாக இருக்கிறது. செவ்வகங்களைக் கண்காட்சியின் தரைப்படத்தில் அந்தந்தப் படைப்பு எங்கே இருக்குமோ ஏறக்குறைய அந்த இடத்தில் வைத்தால் போஸ்டரே வரைபடமாகவும் ஆகிவிடும். அந்தந்த மாணவரின் பெயர் அவருடைய செவ்வகத்தின் இடது விளிம்புக்குக் கீழே, எல்லாருக்கும் ஒரே எழுத்தளவில்.

இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் மாணவர்களின் வேலை வேறு எதையாவது சொல்லும். ஆனால் எந்த விதிக்கும் நான் வைக்கும் கேள்விகள் ஒன்றேதான்: ஒருவர் விலகினாலோ புதிதாகச் சேர்ந்தாலோ தாங்குமா? கறுப்பு வெள்ளையில் நிற்குமா? இரண்டு செ.மீ. அளவிலும் இரண்டு மீட்டர் அளவிலும் தெரியுமா? நீங்கள் இல்லாதபோது ஒரு மாணவரே அதை வைத்து ஒரு படம் செய்துகொள்ள முடியுமா?

படி 5: மிகக் கடினமான உள்ளடக்கத்தை வைத்துச் சோதியுங்கள்

மாதிரி உரையை வைத்து டிசைன் செய்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். பட்டியலிலேயே மிக நீளமான பெயர், மிகக் குட்டையான பெயர், மூன்று வரி ஓடும் தலைப்பு, "தலைப்பில்லை" என்று மட்டும் எழுதிய படைப்பு, பதினொரு பொருட்களைக் கொண்ட ஊடக விவரம் இவற்றை எடுத்து லேபிளிலும் போஸ்டரிலும் முதலில் போட்டுப் பாருங்கள். இதில் ஒன்றுக்காக எழுத்தின் அளவைக் குறைக்க வேண்டிவந்தால் எல்லாருக்கும் குறையுங்கள். ஒருவருக்கு மட்டும் சிறிய எழுத்து என்பது நடக்கக் கூடாது.

படி 6: எழுத்துரு

ஒரு குடும்பம், இரண்டு தடிமன். இதுவே போதும். அலங்கார எழுத்துரு படைப்புகளோடு போட்டி போடும். தேர்ந்தெடுக்கும்போது பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களையும் அதில் தட்டச்சு செய்து பாருங்கள், மேலே புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகள் உட்பட. உரிமத்தையும் படியுங்கள்: அச்சுக்கு வாங்கிய உரிமம் இணையப்பக்கத்துக்குச் செல்லாமல் இருக்கலாம்.

தமிழும் ரோமன் எழுத்தும் சேர்ந்து வருமானால் இரண்டும் ஒரே குடும்பத்தில் வரையப்பட்ட எழுத்துரு வேலையைப் பாதியாக்கும். கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, பல தடிமன்கள் உள்ளவை. ஆனால் ஒரே அளவில் வைத்தாலும் தமிழ் வரி அகலமாகவும் அடர்த்தியாகவும் தெரியும். கண்ணால் பார்த்துத் தமிழின் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். வரி இடைவெளியைத் தமிழுக்கு ஏற்றபடி வையுங்கள், ரோமனுக்கு ஏற்றபடி வைத்தால் மேல் வரியின் "கூ" கீழ் வரியின் "கி" யோடு முட்டும். எழுத்து இடைவெளியை அகலப்படுத்தும் ரோமன் பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். "கொ" என்பது மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும்போது கண் தடுமாறும். மிகத் தடித்த எழுத்தில் "ண", "ஞ" இவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், சின்ன அளவில் அச்சிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். படைப்பின் தலைப்பைச் சாய்வெழுத்தில் போடுவது ரோமன் வழக்கம். தமிழில் மென்பொருள் இழுத்துச் சாய்த்த எழுத்து கோணலாகத்தான் இருக்கும். தலைப்புக்கு இரண்டாவது தடிமனைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்க வேண்டும். அச்சகத்துக்கும், சுவரில் ஒட்டும் வினைல் எழுத்துகளை வெட்டுபவருக்கும் கொடுக்கும் ஃபைலில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிக் கொடுங்கள், மாற்றிய பிறகு ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள்.

படி 7: நிறம்

எந்த நிறம் வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குவது நல்ல வழி. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு நிறத்தொகுப்பு அமைத்த ஜெர்மன் டிசைனர் ஓட்ல் ஐகர், நாஜிகள் நடத்திய 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் நினைவு வரக்கூடாது என்று சிவப்பை ஒதுக்கினார். வெளிர்நீலமும் பச்சையும் முன்னால் வந்தன. ஒன்றை விலக்கியதிலேயே அந்த விளையாட்டுகளின் முகம் பாதி தீர்மானமாகிவிட்டது. உங்கள் கண்காட்சியில் பெரிய சிவப்பு ஓவியம் இருந்தால் அதன் பக்கத்துச் சுவரில் சிவப்பு எழுத்து வேண்டாம். எல்லாப் படைப்புகளின் புகைப்படங்களையும் ஒரே தாளில் பரப்பி, அவற்றில் அதிகம் இல்லாத ஒரு நிறத்தைத் தேடுங்கள். அந்த நிறமும் கறுப்பும் போதும்.

திரையில் மின்னும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் சாதாரண நான்கு வண்ண அச்சில் மங்கிப் போகும். அந்த நிறமே வேண்டுமென்றால் தனி மையாக அச்சிட வேண்டும், அதற்கான செலவை முதலிலேயே கேளுங்கள். ஸ்டென்சில் வழியாக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சிடும் ரிசோகிராஃப் அச்சு மாணவர் கண்காட்சிக்கு அருமையாகப் பொருந்தும். தனி மை என்பதால் நிறம் பளிச்சென்று இருக்கும், குறைந்த பிரதிகளுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் இரண்டு நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று துல்லியமாக உட்காராது, தாளின் விளிம்பு வரைக்கும் மை போகாது. இரண்டையும் ஏற்றுக்கொண்டு டிசைன் செய்யுங்கள். படிக்க வேண்டிய எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளிமாறுபாடு இருக்கட்டும். இது இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி, சுவருக்கும் நல்ல அளவுகோல்.

படி 8: போஸ்டரும் திரையும்

போஸ்டரில் முதலில் தெரிய வேண்டியது தலைப்பு, நாட்கள், இடம். திறப்பு நேரத்தைக் கிழமையோடு போடுங்கள். கடைசி நாளையும் போடுங்கள், பலரும் திறப்பு விழாவுக்கு வராமல் கடைசி வாரத்தில்தான் வருவார்கள். தாளை வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க விளிம்பைத் தாண்டி 3 மி.மீ. ப்ளீட், படங்கள் அச்சு அளவில் 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி). க்யூஆர் குறியீடு வைத்தால், எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்கட்டும்: ஒரு மீட்டருக்குப் பத்து செ.மீ.

இன்ஸ்டாகிராமுக்கு 1080×1350, ஸ்டோரிக்கு 1080×1920. ஸ்டோரியில் மேலும் கீழும் முக்கியமான எதையும் வைக்காதீர்கள், பொத்தான்கள் மறைத்துவிடும். துறையின் பக்கத்தில் போடும் பதிவைவிட 24 மாணவர்கள் தங்கள் பக்கத்தில் போடுவது அதிகம் பேரைச் சென்று சேரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் அவருடைய செவ்வகமும் பெயரும் உள்ள படத்தைத் தயாராகக் கொடுத்துவிடுங்கள்.

படி 9: சுவர்

பார்வையாளர் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இதுதான், டிசைனர்கள் கடைசி நேரத்தில் அவசர அவசரமாக முடிப்பதும் இதைத்தான். பட்ஜெட்டில் போஸ்டருக்கு முன்னால் இதற்கு ஒதுக்குங்கள்.

நுழைவுச் சுவரில் தலைப்பு, நாட்கள், எல்லாப் பெயர்களும். எழுத்தின் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு: நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் மூன்று மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. வினைல் எழுத்து என்றால் தமிழில் 2 செ.மீ. உயரத்துக்குக் கீழே போகாதீர்கள். சுழிக்குள் இருக்கும் துணுக்குகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும், மெல்லிய கொம்புகள் ஒட்டும்போது சுவரை விட்டுப் பிய்ந்து வரும். சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் பெயின்ட் உள்ளே முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் ஒட்டினால் வினைல் விளிம்பு விளிம்பாகத் தூக்கிக்கொள்ளும். ஒரு மூலையில் சின்னத் துண்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் வினைலே வாங்குங்கள், ஸ்பாட் லைட் விழுந்தால் பளபளப்பானது கண்ணைக் கூசும்.

ஒட்டும் நாளில் இரண்டு பேர் வேண்டும். சுவரில் மட்டம் பார்க்கும் லெவல் வைத்து, மாஸ்கிங் டேப்பால் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வினைல் பட்டையை நடுவில் ஒரு டேப்பால் சுவரோடு பிடித்துவிட்டு, ஒரு பாதியைப் பின்தாளிலிருந்து உரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து ஒட்டி, அப்புறம் மறுபாதி. தரையும் கூரையும் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். லெவல் சரி என்று சொன்னாலும் சாய்ந்த கூரைக்குப் பக்கத்தில் எழுத்து கோணலாகத் தெரிந்தால் கண்ணுக்குத் தெரிவதையே சரியென்று எடுத்துக்கொண்டு லேசாக மாற்றுங்கள்.

லேபிளுக்கு ஒரே அளவு, எல்லாருக்கும். ஏ6 தாளைப் படுக்கைவாட்டில் வைப்பது வசதி. பெயர் தடித்த எழுத்தில், அடுத்து தலைப்பு, ஆண்டு, பின் ஊடகம், அளவு. குறிப்பு இருந்தால் ஒரு வரி விட்டு. எழுத்தளவு 18 புள்ளிக்குக் கீழே வேண்டாம், இடம் போதாவிட்டால் சொற்களைக் குறையுங்கள். படைப்புகளை அவற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் வருமாறு மாட்டுவது பரவலான வழக்கம். லேபிளை அதைவிடக் கீழே, 120 முதல் 140 செ.மீ. உயரத்தில் வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவரும் படிக்கலாம். வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். எந்த நிழல் எங்கே விழும் என்பது விளக்குகளைத் திருப்பிய பிறகுதான் தெரியும், அதனால் லேபிள்களை விளக்கு வேலை முடிந்த பின் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு லேபிளிலும் அந்த மாணவரின் செவ்வகம் சின்னதாக ஒரு மூலையில் வரட்டும். வரைபடத்திலும் அதே வடிவம் இருப்பதால் எண் போடாமலேயே பார்வையாளர் தான் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரே வடிவம் இரண்டு பேருக்கு வந்த இடத்தில் பெயர் வழிகாட்டும்.

படி 10: கேட்டலாக்

ஆளுக்கு இரண்டு பக்கம் என்றால் 24 பேருக்கு 48. முன்னுரை, பட்டியல், நன்றி எல்லாம் சேர்த்து எட்டுப் பக்கம். மொத்தம் 56, நான்கால் வகுபடுகிறது, ஆகவே நடுவில் பின் அடித்துத் தைக்கலாம். மேற்பூச்சில்லாத தாளில் படங்கள் கொஞ்சம் கருத்து விழும். படங்களைச் சற்று வெளிச்சப்படுத்தி, ஒரே ஒரு பக்கத்தையாவது அந்தத் தாளிலேயே அச்சிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் இரண்டு பக்கத்தை ப்ரூஃப் பார்க்க வேண்டும். அவர்கள் எழுதித் தந்ததுதானே என்று விட்டுவிட வேண்டாம்.

படி 11: நாட்காட்டி

திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பன்னிரண்டு வாரம் முன்னால் முதல் கூட்டமும் விரிதாளும். ஒன்பதாவது வாரத்தில் இரண்டு விதிகளை மட்டும் காட்டுங்கள், ஐந்து காட்டினால் ஐந்தையும் கலந்து ஒன்று கேட்பார்கள். ஏழாவது வாரத்தில் ஒப்புதல், ஆறில் நாட்களை மட்டும் சொல்லும் முதல் அறிவிப்பு. ஐந்தில் பட்டியல் மூடல். நான்கில் கேட்டலாக் அச்சுக்கு. மூன்றில் போஸ்டர், மாணவர்களுக்கான படங்கள். இரண்டில் வினைல் ஃபைல். கடைசி வாரத்தில் லேபிள்கள் மட்டும், ஏனென்றால் படைப்புகள் கடைசி வாரம் வரை மாறிக்கொண்டேதான் இருக்கும். அது அவர்களின் வேலைக்கு இயல்பு, அதைக் குறை சொல்லக் கூடாது. அளவும் தலைப்பும் மாறினால் விரிதாளை மாற்றி லேபிளைத் திரும்ப அச்சிடுங்கள். அதற்காகவே பத்து வெற்று அட்டைகளைக் கூடுதலாக வெட்டி வைத்திருங்கள்.

படி 12: ஒப்படைப்பு

கண்காட்சி நடக்கும் நாட்களிலேயே நல்ல புகைப்படக்காரரை வைத்து ஒவ்வொரு படைப்பையும் லேபிளும் தெரியும்படி ஒரு படம், லேபிள் இல்லாமல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் அடுத்து விண்ணப்பிக்கும் உதவித்தொகைக்கும் கண்காட்சிகளுக்கும் இந்தப் படங்கள் தேவைப்படும். துறைக்குத் தர வேண்டிய கோப்புறையில் இறுதி விரிதாள், அச்சுக்குப் போன பி.டி.எஃப்.கள், திருத்தக்கூடிய மூல ஃபைல்கள், எழுத்துருவின் பெயரும் உரிமமும், நிறங்களின் எண்கள், விதியை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும். சுவர் வினைலை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி, சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்து மெதுவாக இழுத்தால் பெயின்ட் பெயராமல் வரும்.